மேலாளர் மீது குறை, கையில் மெமோ: எந்த வழியில் போவது?

ஒரு மேலாளரின் நடத்தையைப் பற்றி மேலிடத்தில் முறையிட வேண்டும் என்று தொழிலாளி ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, அதே மேலாளர் எழுதிக்கொடுத்த அறிக்கையின் பேரில் அவருக்கு மெமோ, அதாவது குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் கடிதம், வந்துவிடுவது ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளிலும், ராணிப்பேட்டை சிப்காட்டிலும், வேலூர் நகரத்து அலுவலகங்களிலும் அடிக்கடி நடக்கிற சங்கதி. அந்த நிலையில் அவர் முன் சில வழிகள் இருக்கின்றன. மெமோவுக்கு மட்டும் பதில் கொடுத்துவிட்டுக் குறையை ஆறப்போடலாம். குறைமனுவை முன்னே வைத்து, மெமோவின் பேரில் நிறுவனம் நடத்தும் உள்விசாரணையை நிறுத்தச் சொல்லலாம். இரண்டையும் ஒரே கடிதத்தில் கொட்டிவிடலாம். இரண்டையும் தனித்தனித் தாளில் ஒரே சமயத்தில் நடத்தலாம். கணக்கை முடித்துக்கொண்டு வேறு இடமும் பார்க்கலாம். பெரும்பாலோர் மூன்றாவதைத்தான் எடுக்கிறார்கள், அதுவும் மெமோ வந்த அன்று இரவே. என் கணிப்பில் நான்காவதே பெரும்பாலான நேரங்களில் சரி. ஆனால் அது ஏன் சரி, எங்கே சரிப்படாது என்பதை மற்ற வழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

பேச்சுக்கு ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஷூ தொழிற்சாலை ஒன்றின் தையல் பிரிவில், அப்பர் (ஷூவின் மேற்பகுதி) தைக்கும் லைனில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்யும் பெண் ஒருவர். இரண்டு மாதமாக ஓவர்டைம் கூலி சரியாக வரவில்லை. சட்டப்படி அது இரட்டிப்பு வீதத்தில் வரவேண்டிய பணம். லைன் மேலாளரிடம் அவர் அதைக் கேட்கிறார். மறுவாரம் மெமோ வருகிறது. அனுமதியின்றி இயந்திரத்தை விட்டு எழுந்து சென்றது ஒரு குற்றச்சாட்டு, மேலாளரை எதிர்த்து மரியாதைக் குறைவாகப் பேசியது இன்னொன்று, மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும் என்பது கெடு.

மெமோவுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் குறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வழி, பார்வைக்கு அமைதியானது. அனுபவசாலிகள் பலர் சொல்லும் யோசனையும் இதுதான். குற்றச்சாட்டு சிறியதாக இருந்து, நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிடும் என்ற நம்பிக்கை இருந்தால் இதில் பழுதில்லை. ‘மெமோ கொடுத்ததால்தான் பதிலுக்குப் புகார் சொல்கிறார்’ என்ற பேச்சுக்கும் இடம் இராது. ஆனால் இதன் விலை பிறகுதான் தெரியும். மேலாளருக்குத் தம் மீது காழ்ப்பு இருந்தது என்பதை முதல் விளக்கத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டுவிட்டு, வேலை போனபின் வேலூர்த் தொழிலாளர் நீதிமன்றத்தில் முதன்முறையாகச் சொல்லும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே ‘இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை’ என்பதுதான். தவிர, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், நிறுவனத்துக்குள் இருக்கும் குறைதீர்க்கும் குழுவிடம் மனுக் கொடுப்பதற்கு ஓராண்டு வரம்பு வைத்திருக்கிறது. உள்விசாரணை இழுத்துக்கொண்டே போனால் ஆறப்போட்ட குறை அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

குறைமனுவை முன்னே நிறுத்தி, ‘என் புகாரை விசாரித்து முடிக்கும்வரை என் மீதான விசாரணையை நிறுத்துங்கள்’ என்று கேட்பது இதற்கு நேர் எதிரான வழி. இது நியாயமாகத் தோன்றுவதால் படித்தவர்கள் இதில் அதிகம் விழுகிறார்கள். பிரிட்டனில் தொழில் தகராறுகளில் ஆலோசனையும் சமரசமும் செய்யும் ஏகாஸ் (Acas) என்ற அமைப்பின் நடத்தைக் கோவை, ஒழுங்கு நடவடிக்கையின் நடுவே ஊழியர் குறை எழுப்பினால் அந்த நடவடிக்கையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம் என்றும், இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவையானால் இரண்டையும் சேர்த்தே விசாரிக்கலாம் என்றும் சொல்கிறது. இணையத்தில் தேடுபவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் இந்த விதிதான். ஆனால் அங்கேயே அது ‘நிறுத்தலாம்’ என்பதுதானே தவிர ‘நிறுத்தியாக வேண்டும்’ என்பதன்று. நம் சட்டத்தில் அந்த ‘நிறுத்தலாம்’ கூட எழுதப்படவில்லை. குறைமனு நிலுவையில் இருப்பதால் மட்டும் உள்விசாரணை நின்றுவிடாது.

கேட்பதில் தவறில்லை. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை விளக்கம் கொடுக்காமலும் விசாரணைக்குப் போகாமலும் இருப்பதுதான் தவறு. நிர்வாகம் இரண்டு முறை நோட்டீஸ் அனுப்பி, ஆள் வராவிட்டால், எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒரு தரப்பை மட்டும் கேட்டு, விசாரணையை முடித்துவிடும். மேலாளரின் சாட்சியம் எதிர்க்கேள்வியே இல்லாமல் பதிவாகிவிடும். உள்விசாரணையில் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும் என்பதால், மறுக்கப்படாத ஒரு சாட்சியம் அங்கே நிரம்ப எடை உடையது. விசாரணையைப் புறக்கணித்த தொழிலாளிக்குப் பின்னால் யார் வாதாடினாலும் கை பாதி கட்டப்பட்டிருக்கும்.

மூன்றாவது வழியான கலவைக் கடிதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சேதம் அதிகம் நேர்வது இங்கேதான். நம் உதாரணத்துப் பெண் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘நான் ஊசி வாங்கத்தான் போனேன். அவர் எப்போதும் போல அன்றும் கத்தினார், பொறுக்க முடியாமல் நானும் பதிலுக்குக் கத்தினேன். ஓ.டி. காசைக் கேட்டதிலிருந்து என்னை வேண்டுமென்றே பழிவாங்குகிறார். இவர் பணத்தைத் தின்றுவிட்டார் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும்.’ மனத்தில் இருந்தது முழுவதும் தாளில் இறங்கிவிட்டது. ஆனால் நிர்வாகத்தின் கண்ணோடு இதைப் படியுங்கள். ‘நானும் பதிலுக்குக் கத்தினேன்’ என்ற வரியோடு இரண்டாவது குற்றச்சாட்டு ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது; அதற்கு இனிச் சாட்சியே தேவையில்லை. ‘பணத்தைத் தின்றுவிட்டார்’ என்ற வரிக்கு ஆதாரம் இல்லை; மேலதிகாரி மீது பொய்யான குற்றம் சுமத்துவதைப் பல நிறுவனங்கள் தம் நிலையாணைகளிலேயே (பணி விதிகளிலேயே) ஒழுங்கீனமாக வைத்திருப்பதால் மூன்றாவதாக ஒரு குற்றச்சாட்டு முளைக்கலாம். ஓ.டி. பாக்கி என்ற உண்மையான, கணக்குப் பார்த்து நிரூபிக்கக்கூடிய குறையோ கடிதத்தின் நடுவில் புதைந்து, யார் கண்ணிலும் படாமல் போகிறது. விளக்கக் கடிதத்தைப் படிப்பவருக்குக் குறையை விசாரிக்கும் பொறுப்பு கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் தேடுவது, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்பதை மட்டுமே.

அதே பெண் தம் விளக்கத்தை இவ்வாறும் எழுதலாம்: ‘முதல் குற்றச்சாட்டை மறுக்கிறேன். குறிப்பிட்ட நாளில் பிற்பகல் 3.10 மணியளவில் என் இயந்திரத்தின் ஊசி முறிந்தது. முறிந்த துண்டுகளை ஒப்படைத்துவிட்டு ஸ்டோரில் புது ஊசி பெற்றுக்கொண்டு இடத்துக்குத் திரும்பினேன். ஊசிப் பதிவேட்டில் என் கையெழுத்து உள்ளது. அதன் நகலைக் கோருகிறேன். இரண்டாவது குற்றச்சாட்டை மறுக்கிறேன். நான் பேசியதாகச் சொல்லப்படும் வார்த்தைகள் மெமோவில் குறிப்பிடப்படவில்லை. அவற்றைத் தெரிவித்தால் விவரமாகப் பதிலளிப்பேன். அறிக்கை அளித்துள்ள மேலாளரிடம் நிலுவை ஓவர்டைம் கூலியைப் பற்றி இதற்கு முந்தைய வாரம் நான் கேட்டிருந்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன். அது குறித்துத் தனியாக மனு அளித்துள்ளேன்.’ இதில் கோபம் ஒரு சொல்லில்கூட இல்லை. முறிந்த ஊசித் துண்டு ஷூவுக்குள் தங்கிவிடக்கூடாது என்பதற்காக ஏற்றுமதித் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் பதிவேடு, நிர்வாகத்தின் சொந்த ஆவணமாகவே இருந்து தொழிலாளிக்குச் சாட்சி சொல்கிறது. காழ்ப்பைப் பற்றிய குறிப்பும் ஒரே வாக்கியத்தில் தேதிவரிசையோடு ஏறிவிட்டது; பின்னால் யாரும் ‘அன்றைக்கே ஏன் சொல்லவில்லை’ என்று கேட்க முடியாது. (உண்மையிலேயே குரலை உயர்த்திப் பேசியிருந்தால் அதை மறுத்து எழுதக்கூடாது, பொய் மறுப்பு அகப்பட்டால் மெய்யான மறுப்பும் கூடவே செல்லாக்காசாகிவிடும். என்ன சூழ்நிலையில் பேசினார் என்பதை மட்டும் அளவாகச் சொல்லலாம்.)

இதுவே தனித்தாள் வழியின் ஒரு பாதி. மறுபாதி, குறைமனு. இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில், நிர்வாகத் தரப்பிலும் தொழிலாளர் தரப்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்களைக் கொண்ட குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டத்திலும் இது இருந்தது. புதிய தொகுப்பின்படி குழு 30 நாளில் முடிவு செய்ய வேண்டும். முடிவு பிடிக்காவிட்டாலோ, முடிவே வராவிட்டாலோ 60 நாளுக்குள் தொழிற்சங்கத்தின் வழியாக அரசின் சமரச அலுவலரிடம் போகலாம். குழு ஏட்டில் மட்டுமே இருக்கும் நிறுவனங்களும் உண்டு. அப்படியானாலும் மனுவைக் குழுவின் பெயருக்கே எழுதி, நகலை மனிதவள மேலாளருக்குக் கொடுத்து, இன்னொரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை போட மறுத்தால் சேர்ப்பித்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புவதுதான் அடுத்த வேலை. குறைமனுவில் ஓ.டி. நாட்கள், மணிநேரம், வந்த தொகை, வரவேண்டிய தொகை ஆகியவை மட்டும் இருந்தால் போதும். மெமோவை ரத்து செய்யுங்கள் என்ற கோரிக்கையை அதில் சேர்ப்பது மறுபடியும் இரண்டையும் கலப்பதாகும்.

தனித்தாள் வழியை மற்றவற்றிலிருந்து உயர்த்துவது, பலரும் கவனிக்காத ஒரு வாய்ப்பு. குறைதீர்க்கும் குழுவில் மேலாளரை உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடையாது. குழு கேட்கும், அவர் ஏதோ சொல்வார், முடிந்தது. ஆனால் அதே மேலாளர் உள்விசாரணையில் நிர்வாகத் தரப்புச் சாட்சியாக வந்தாக வேண்டும், வந்தால் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டாக வேண்டும். ‘கடந்த மூன்று மாதத்தில் ஊசி மாற்ற எழுந்து சென்ற எத்தனை பேருக்கு இதுபோல அறிக்கை எழுதினீர்கள்?’, ‘ஓ.டி. பாக்கி குறித்து இவர் உங்களிடம் கேட்டாரா, எப்போது?’, ‘சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நாளுக்கும் நீங்கள் அறிக்கை எழுதிய நாளுக்கும் இடையில் ஏன் இத்தனை நாள்?’ என்ற மூன்று கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் விசாரணைக் குறிப்பில் ஏறிவிட்டால், குறைமனு பத்துப் பக்கத்தில் சொல்ல முடியாததை அவை சொல்லிவிடும். ஆகவே ஒழுங்கு விசாரணையை எப்படியாவது தவிர்க்க வேண்டிய ஆபத்தாக மட்டும் பார்ப்பது சரியன்று. மேலாளரின் நடத்தையைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் நிறுவனத்துக்குள் வேறு கிடையாது.

அதற்கு விசாரணை ஒழுங்காக நடக்க வேண்டும். புகார் சொன்னவரே விசாரணை அதிகாரியாக இருக்கக்கூடாது. அவருக்குக் கீழே வேலை செய்பவர் இருந்தாலும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து, வேறொருவரைக் கேட்க வேண்டும். இதை முதல் அமர்விலேயே செய்ய வேண்டும். பாதகமான அறிக்கை வந்தபின் செய்தால் தோற்றவரின் புலம்பலாகவே கொள்ளப்படும். ஆங்கிலத்தில் வந்த மெமோவுக்குத் தமிழ் நகலைக் கேட்கலாம். நிர்வாகத்தார் தமக்குள் உருதுவிலும் தொழிலாளரிடம் தமிழிலும் பேசும் ஆம்பூர்ப் பகுதியில், விசாரணைக் குறிப்பு எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பதும் சின்ன விஷயம் அன்று. புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், ‘படித்துக் காட்டப்படவில்லை’ என்று தம் கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்திடலாம். துணைக்கு உடன் வேலை செய்பவரையோ சங்கப் பொறுப்பாளரையோ அழைத்துக்கொள்ளக் கேட்க வேண்டும். வழக்கறிஞரைக் கேட்கும் உரிமை பொதுவாக இல்லை, ஆனால் நிர்வாகம் சட்டம் படித்த ஒருவரை வழக்கு நடத்த வைத்தால் தொழிலாளிக்கும் அந்த வாய்ப்பை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983இல் கூறியுள்ளது. விசாரணை அறிக்கையின் நகலைத் தண்டனைக்கு முன்பே தரவேண்டும் என்பதும் 1993இல் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்த உரிமை.

இடைநீக்கம் செய்துவிட்டார்கள் என்றால் கணக்கு சற்று மாறும். முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதற்குமேல் தாமதத்துக்குத் தொழிலாளி காரணம் அன்று என்றால் முக்கால் சம்பளம் பிழைப்பூதியமாக வரவேண்டும் என்று தொகுப்புச் சட்டம் கூறுகிறது; விசாரணையையும் சாதாரணமாக 90 நாளில் முடிக்கச் சொல்கிறது. ‘தாமதத்துக்குத் தொழிலாளி காரணம் அன்று’ என்ற இந்த நிபந்தனையை விசாரணையை நிறுத்தக் கோரும் இரண்டாவது வழியோடு பொருத்திப் பாருங்கள். நிறுத்தச் சொன்னது யார் என்ற கேள்வி, வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பாதிச் சம்பளத்தில் ஓடும் நேரத்தில் வந்து நிற்கும்.

சங்கம் உள்ள இடங்களில் இன்னொரு கிளை வழி உண்டு. ஓ.டி. பாக்கி அந்த ஒரு பெண்ணின் குறையாக மட்டும் இல்லாமல் லைன் முழுவதற்குமான குறையாக இருந்தால், சங்கம் அதைத் தொழில் தகராறாகச் சமரச அலுவலர் முன் எழுப்பலாம். நிறுவனத்துக்குள் கொடுக்கும் தனிநபர் குறைமனுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. சமரசம் நிலுவையில் இருக்கும் காலத்தில், அந்தத் தகராறோடு தொடர்புடைய ஒழுங்கீனத்துக்காகச் சம்பந்தப்பட்ட தொழிலாளியைத் தண்டிக்க வேண்டுமானால் நிர்வாகம் அந்த அலுவலரின் எழுத்து மூலமான அனுமதியை முன்கூட்டிப் பெற வேண்டும் என்ற பாதுகாப்பு பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. உள் குழுவிடம் கொடுத்த மனு இந்தக் கவசத்தைத் தருவதில்லை. ஆனால் மெமோ வந்தபின் அவசர அவசரமாகக் கிளப்பிய தகராறு என்ற தோற்றம் வந்துவிடாமல் இருக்க, மற்றத் தொழிலாளரின் கையெழுத்தும் கணக்கும் தயாராக இருக்க வேண்டும். அது தயாராவதற்குள் விளக்கத்துக்கான மூன்று நாள் கெடு முடிந்துவிடும் என்பதால், இந்தக் கிளைக்குப் போகிறவர்களும் விளக்கத்தை முதலில் கொடுத்துவிட்டே போகவேண்டும்.

மேலாளர் மீதான குறை பாலியல் தொல்லை பற்றியதாக இருந்தால் மேலே சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டத்திலும், வாலாஜா, ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்திலும் சேரும் என்பதை நினைவில் கொண்டு மனுவை உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். விசாரணை நடக்கும்போது தம்மையோ எதிர்த்தரப்பையோ இடமாற்றம் செய்யவும், மூன்று மாதம் வரை விடுப்பு வழங்கவும், தம் வேலையைப் பற்றி அந்த மேலாளர் அறிக்கை எழுதாமல் தடுக்கவும் இடைக்காலப் பரிந்துரை கேட்கலாம். கடைசியாகச் சொன்னது மெமோவின் வேரையே தொடும் என்பதால், மெமோவும் இந்தப் புகாரும் ஒரே ஆளிடமிருந்து கிளம்பியவை என்றால் அதைத் தவறாமல் கேட்க வேண்டும். புகாரை நிரூபிக்க முடியாமல் போனாலே பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டமே சொல்கிறது. அந்த அச்சத்தில் மூன்று மாதத்தைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ராஜிநாமா செய்துவிட்டுப் போவதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்துத் தொழிற்சாலையில் அதே கூலிக்கு வேலை கிடைக்கும் தையல்காரருக்கு, ஒரு மேலாளரோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நிற்பது நஷ்டக் கணக்காகவும் இருக்கலாம். வருங்கால வைப்பு நிதி அவருடைய பணம். ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தவர் ராஜிநாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு. ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்ற கணக்கில் எட்டு ஆண்டுக்கு வருவது சிறிய தொகை அன்று. ஆனால் மெமோ கையில் இருக்கும்போது எழுதும் ராஜிநாமாவில் ‘சொந்தக் காரணங்களால்’ என்று நிர்வாகம் எழுதிக்கொடுத்ததை அப்படியே நகலெடுத்தால், ஓ.டி. பாக்கியைப் பின்னால் கேட்பது கடினம். ‘எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் பணம் கைக்கு வருமுன் கையெழுத்திடக்கூடாது. அறையில் உட்கார வைத்து மிரட்டி வாங்கிய ராஜிநாமா என்றால், அது ஏற்கப்படும் முன்பே, முடிந்தால் அன்றைக்கே, திரும்பப் பெறுவதாகக் கடிதம் அனுப்பிவிட வேண்டும்.

இவ்வளவும் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியாக இருப்பவருக்கு. மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிற லைன் சூப்பர்வைசர் புதிய தொகுப்பின்படி தொழிலாளி ஆகமாட்டார். அவருக்குச் சமரச அலுவலரும் இல்லை, தீர்ப்பாயமும் இல்லை. பதவிப் பெயர் சூப்பர்வைசர் என்றிருந்து, நாள் முழுதும் தைக்கவும் வெட்டவும் செய்பவரானால் அவர் செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்களே தவிரப் பெயரை அன்று. எனவே தினசரி என்ன வேலை செய்தார் என்பதற்கான தாளை இப்போதே சேர்த்து வைப்பது நல்லது. கடைகளிலும் வணிக அலுவலகங்களிலும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருகிறது. ஒப்பந்ததாரர் வழியாக வந்தவருக்கோ, மெமோவில் கையெழுத்திட்டது ஒப்பந்ததாரரா நிறுவனமா என்பதைப் பார்த்துவிட்டு, விளக்கத்தைக் கையெழுத்திட்டவருக்கும் நகலை மற்றத் தரப்புக்கும் கொடுப்பதே முதல் காரியம்.